பாஸ் கொடுக்கும் பவானி

கெங்குவார்பட்டி பவானியைப் பற்றி எழுதிய பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே வரியைத்தான் எழுதினார்கள்: தனக்காக ஆடாதவள், அணிக்காக ஆடுகிறவள். அதைப் படிக்கும்போதெல்லாம் பவானி பத்திரிகையை மடித்துத் தள்ளி வைத்துவிடுவாள்.

சென்னையில் ஒரு வங்கி விளையாட்டு ஒதுக்கீட்டில் அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. காலையில் கவுன்ட்டர், மதியத்துக்கு மேல் கூடைப்பந்து மைதானம். மாந்தோப்பில் கூலிக்குப் போகும் சோணையம்மாளின் மகள் அந்த இடத்துக்கு வந்ததே பெரிய காரியம். ஆள் குள்ளம். ஆனால் பந்தோடு உள்ளே புகுந்தாளானால், ஆறடிப் பெண்களின் கைகளுக்கு நடுவே நுழைந்து, கூடையில் போட்டுவிட்டுத்தான் வெளியே வருவாள்.

2002-ல் கோயம்புத்தூரில் ஓர் ஆட்டத்தில் அப்படிப் புகுந்து எம்பியபோது, எதிரணிப் பெண்ணின் தோள் இடுப்பில் மோதியது. அந்தரத்தில் புரண்டு, முதுகு சிமெண்ட் தரையில் அடிபட விழுந்தாள். வலியே தெரியவில்லை. எழுந்திருக்கலாம் என்று காலை அசைத்தாள், அசையவில்லை. கால் என்று ஒன்று இருப்பதாகவே தெரியவில்லை. குனிந்து பார்த்த முகங்களின் வாய்கள் அசைவதைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உள்ளங்காலில் ஊசி குத்துவது போல உணர்வு திரும்பியது. தண்டுவடம் அதிர்ந்திருக்கிறது, முறியவில்லை, தப்பித்தாய் என்றார் டாக்டர். ஊருக்குப் போன் போட்டுச் சுளுக்கு என்று சொல்லிவிட்டாள்.

உடம்பு தேறி மறுபடி ஆட வந்த முதல் நாள், கூடையை நோக்கி நாலு எட்டு வைத்ததுமே தொடைகள் விறைத்துப்போயின. மூச்சு நெஞ்சுக்கு மேல் ஏறவில்லை. யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமலே பந்தை விட்டெறிந்தாள். நல்லவேளை, அங்கே சங்கிலியம்மாள் நின்றிருந்தாள். பண்ணைப்புரத்துப் பெண், அணியிலேயே உயரமானவள், விடுதியில் பவானியின் அறைத்தோழி. பிடித்துக் கூடையில் போட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

அதுவே வழக்கமாகிவிட்டது. பந்து கைக்கு வந்தால் பவானிக்கு அதை யாரிடமாவது தள்ளிவிட வேண்டும். தள்ளுவதில் கெட்டிக்காரியாகவும் ஆகிவிட்டாள். அணி ஜெயித்துக்கொண்டே போனது. "பவானியப் பாத்துப் படிங்க. யாரு போட்டா என்ன, டீம் ஜெயிக்கணும்னு ஆடுறா" என்பார் கோச் தங்கபாண்டி. அந்தப் புகழ்ச்சிக்குத் தலைகுனிந்து நிற்கையில், என்றைக்காவது ஒருத்தர் கண்டுபிடித்துவிடுவார் என்று அவளுக்கு உள்ளுக்குள் நடுங்கும்.

கண்டுபிடித்தார்கள். 2004 மே மாதம், தேனியில் நடந்த அழைப்புப் போட்டியின் இறுதி ஆட்டத்தில்.

சொந்த ஊர்ப் பக்கம் என்பதால் சோணையம்மாள் முதல்முறையாக மகளின் ஆட்டத்தைப் பார்க்க வந்திருந்தாள். அம்மாவின் கண்முன்னால் விழுந்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு சேர்ந்துகொண்டது. எதிரணியோ பவானியை மறிக்கவே இல்லை. இவள் கூடைக்குப் போகமாட்டாள் என்று தெரிந்துகொண்டு, இவளைத் திறந்தவெளியில் விட்டுவிட்டு மற்ற நால்வரையும் மொய்த்துக்கொண்டார்கள். எங்கே எறிந்தாலும் நடுவில் ஒரு கை. "ஏம்மா, ஒன்னய மறிக்க ஆளே இல்லயே, உள்ள போ!" என்று கூட்டத்திலிருந்து யாரோ கத்தினார்கள். பவானி மறுபடியும் பாஸ்தான் கொடுத்தாள். அதுவும் பறிபோனது. பாதி ஆட்டத்தில் அணி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது.

இடைவேளையில் குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் சங்கிலியம்மாள் வந்து நின்றாள்.

"ஏ புள்ள, எனக்குப் பாஸ் குடுக்குறியா, இல்ல பந்தத் தொலைச்சாப் போதும்னு எறியிறியா?"

பவானி குழாயை மூடினாள். "முடியலடி. உள்ள போனா காலு செத்துப்போயிரும்னு இருக்கு. அன்னைக்கி மாதிரியே. எங்காத்தா வேற அங்கன ஒக்காந்திருக்கு."

சங்கிலியம்மாள் இன்னும் நெருங்கி நின்றாள்.

"அன்னைக்கி ஒன் காலக் கிள்ளிக் கிள்ளிப் பாத்தது நாந்தேன்" என்றாள். "நகம் பதியக் கிள்ளுனேன். நீ கண்ணத் தொறந்துக்கிட்டுச் சும்மாவே கெடந்த. அதுக்கப்பறம் நானும் முழுசாத் தாவுறதில்லடி. ஒசரமா இருக்கேன்ல, யாருக்கும் தெரியல."

பவானி அவளை நிமிர்ந்து பார்த்தாள். இரண்டு வருஷமாக ஒரே அறையில் படுத்து எழுந்தும் இருவரும் இதைப் பேசியதில்லை.

"நீ உள்ள போ. நான் ஒன் பின்னாலயே வாரேன்" என்றாள் சங்கிலியம்மாள். "விழுந்தா எம்மேல விழு."

இரண்டாம் பாதியில் முதல் தடவை புகுந்தபோது பவானி பாதியில் நின்றுவிட்டாள். அடுத்த தடவையும் அப்படியே. மூன்றாவது தடவை பின்னால் சங்கிலியம்மாளின் ஷூ தரையில் உரசும் சத்தம் கேட்டது. பயம் குறையவில்லை, இன்னும் சொல்லப்போனால் காது அடைக்கும் அளவுக்குக் கூடியது. அதோடேயே எம்பினாள். ஒரு முழங்கை விலாவில் இடித்தது. விசில் சத்தம். விழுந்தாள், சங்கிலியம்மாளின் மேல் பாதியும் தரையில் பாதியுமாக. கால்விரல்களை அசைத்துப் பார்த்தாள். ஷூவுக்குள் ஐந்தும் ஐந்தும் அசைந்தன.

ஃபவுலுக்காகக் கிடைத்த இரண்டு வீச்சில் ஒன்றுகூடக் கூடையில் விழவில்லை. ஆனால் இரண்டாவது பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தபோது, சங்கிலியம்மாள் ஒரு தாவு தாவினாள். அத்தனை உயரம் அவள் போய்ப் பவானி வெகுநாளாகப் பார்த்ததில்லை. எடுத்த பந்தை அப்படியே கூடைக்குள் இறக்கினாள்.

அதற்குப் பிறகு எதிரணியால் பவானியைத் திறந்துவிட முடியவில்லை. அவள் புகுந்தால் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அந்த இரண்டு பேர் விட்டுவந்த இடத்துக்கு அவள் பந்தைக் கொடுத்தாள். இப்போது பார்த்துக் கொடுத்தாள். மூன்று புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

கோப்பையோடு எல்லோரும் குதித்துக்கொண்டிருக்க, பவானி பெஞ்சில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சோணையம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"கீழ விழுந்தவ கையப் பாக்கல, முட்டியப் பாக்கல. காலயே பாத்துக்கிட்டுக் கெடந்த. சுளுக்குன்னியே, என்ன சுளுக்குத்தா அது?"

பவானி சொன்னாள். கேட்கக் கேட்கச் சோணையம்மாள் மகளின் பாதத்தை மடியில் இழுத்து வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"போதும்த்தா. வீட்டுக்கு வந்துரு."

"வரமாட்டேம்மா. பயந்துக்கிட்டேதேன் ஆடுவேன். ஆனா ஆடுவேன்."

அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஆடினாள். பயம் கடைசிவரை போகவில்லை. ஆட்டத்துக்கு முன்னால் அவளும் சங்கிலியம்மாளும் அன்றைக்கு எவ்வளவு பயம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். கூடுதலாக இருப்பவளுக்குப் பின்னால் மற்றவள் ஓடுவாள். சோணையம்மாள் மறுபடி மைதானத்துப் பக்கம் வரவில்லை. ஆட்டம் இருக்கிற நாளில் தோப்பு வேலைக்குப் போகாமல் பக்கத்து வீட்டுப் போனருகே உட்கார்ந்திருப்பாள். மகள் கூப்பிட்டதும் ஜெயித்தாயா தோற்றாயா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"நடந்து வந்துதான போன் பேசுற?" என்பாள்.