எலிக்கு வாட்ச் உண்டா?

கேட்டக்காவின் முன்பற்கள் இரண்டும் பொய்ப்பற்கள். இடதுகைச் சுண்டுவிரல் மடங்காது. பல் போனது வீட்டில், விரல் போனது வேலையில் என்று அவரே பிரித்துச் சொல்வார். பதினான்கு வருடமாக ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவின் கேட்டில் காவல் நிற்பவர், அதனால் எல்லாருக்கும் கேட்டக்கா.

நான் அங்கே போனது ஆராய்ச்சிக்காக. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். பேராசிரியர் கொடுத்த காகிதத்தைக் கேள்வி கேட்கலாம் என்பதே எனக்குத் தெரியாது. மனிதர்கள் எப்படி வன்முறையில் இறங்குகிறார்கள் என்று பதியும் படிவம் அது. முதலில் கூண்டு எலிகளின் சண்டையைக் கவனிக்க எழுதப்பட்டது. பிறகு தொழிற்சாலைத் தகராறுகளை ஆராய்ந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள், அவர்களிடமிருந்து சிறைக்குப் போனது, இப்போது மருத்துவமனைக்கு வந்திருந்தது. எந்தத் துறைக்குப் போனாலும் ஒரு விதி மட்டும் மாறவில்லை. முதலில் தொடுவது யாரோ, சண்டையைத் தொடங்கியது அவரே. பார்ப்பவர் தலையிடக் கூடாது என்பது அடுத்த விதி.

இதை அக்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

“எலிக்கு வாட்ச் உண்டா, டிகிரி?” என்றார். எனக்கு அவர் வைத்த பெயர் அது.

“இல்லக்கா.”

“அப்ப அந்தப் பேப்பர் எலிக்குச் சரிதான்.” வரிசையைப் பார்த்தபடியே சொன்னார். “கத்துறவன் அடிக்க மாட்டான். கத்தியே களைச்சுப் போயிடுவான். சத்தமே இல்லாம வாட்சக் கழட்டுறான் பாரு, அவனத்தான் பிடிக்கணும்.”

அந்தப் பாடம் அவருக்குக் கணவர் கற்றுக்கொடுத்தது. அடிப்பதற்கு முன் அவர் கடிகாரத்தைக் கழற்றி ரேடியோவின் மேல் வைப்பாராம். “எங்கப்பா மாப்பிள்ளைக்கு வாங்கிக் குடுத்த வாட்ச். எம்பல்லு ஒடையலாம், அது ஒடையக் கூடாது.” ஒன்பது வருடம் அக்கா ரேடியோவைப் பார்த்தே வாழ்ந்தார். ஒரு மாலை, கடிகாரம் ரேடியோவின் மேல் பட்ட சத்தம் கேட்டதும், கணவர் திரும்புவதற்குள் அக்கா இஸ்திரிப் பெட்டியால் அடித்தார். காது கிழிந்து சுவரெல்லாம் ரத்தம். கணவர் அன்றே போய்விட்டார். கடிகாரம் இப்போது அக்காவின் மணிக்கட்டில் தொளதொளவென்று ஆடிக்கொண்டிருக்கிறது.

ஒரு பிற்பகல், விபத்தில் அடிபட்ட இளைஞன் ஒருவன் உள்ளே இறந்துபோனான். அவனுடைய அண்ணன் வெளியே வந்தார். அழவில்லை. “டாக்டர் எந்த ரூம்ல இருக்கார்?” என்று மரியாதையாகத்தான் கேட்டார். கேட்டபடியே கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். நான் பார்த்தேன்.

அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தார். “தம்பி, உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க.”

அவர் அக்காவின் தலைமுடியைப் பற்றி, முகத்தை இரும்புக் கதவில் மோதினார். மறுபடியும் மோதினார். விழுந்தவரின் கையை மிதித்தபோது எலும்பு முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. பொய்ப்பல் என் செருப்பருகே வந்து விழுந்தது. நான் எழுதிக்கொண்டிருந்தேன்: முதல் தொடுகை, காவலர். சுற்றி நின்று பார்த்தவர்கள், பதினொன்று. என்னை நான் எண்ணவில்லை.

துக்கத்தில் இருந்த தன் மேல் காவலர்தான் முதலில் கைவைத்தார் என்று அந்த அண்ணன் புகார் கொடுத்தார். நிரூபணமானால் அக்காவுக்கு வேலை போய்விடும். சாட்சி என் படிவம். “எழுதினத மட்டும் குடு. நீ வெறும் கண்ணு, அவ்வளவுதான்” என்றார் பேராசிரியர்.

விசாரணைக்கு அந்த அண்ணனும் வந்திருந்தார். அதிகாரி என் படிவத்தைப் படித்துக் காட்டினார். “முதல் தொடுகை, காவலர். நீங்க எழுதினதுதானே?”

“ஆமா சார்.”

தையல் போட்ட உதட்டோடு அக்கா எதிரே உட்கார்ந்திருந்தார். என்னிடம் எதையும் கேட்கிற முகமாக அது இல்லை. அதுதான் என்னைப் பேச வைத்தது என்று நினைக்கிறேன்.

“அதுக்கு முன்னாடி இவர் வாட்சக் கழட்டிப் பைல போட்டார் சார். அடிக்கிறவங்க அப்படிச் செய்வாங்கன்னு அக்கா முன்னயே எங்கிட்ட சொல்லியிருக்காங்க.”

“பேப்பர்ல இல்லையே?”

“அதுக்குக் கட்டம் இல்ல சார்.”

“அதப் பார்த்துட்டு நீங்க என்ன பண்ணீங்க?”

“எங்க எழுதுறதுன்னு தேடிட்டிருந்தேன்.”

அதிகாரி அந்த அண்ணனைப் பார்த்தார். அவர் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தார்.

“கழட்டினேன்” என்றார். “தம்பி வாங்கிக் குடுத்தது. ஒடைஞ்சிடக் கூடாதுன்னு.”

அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அக்காவுக்கு வாசல் வேலை திரும்பக் கிடைத்தது. படிவத்தில் இல்லாததைப் பேசிவிட்டவர் இனி பார்வையாளர் ஆக முடியாது என்று பேராசிரியர் என் நாற்பத்தொரு படிவங்களையும் நிராகரித்துவிட்டார். ஒரு வருட வேலை. கட்டுப் போட்ட கையோடு நின்றிருந்த அக்காவிடம் போய்ச் சொன்னேன்.

“எலிகிட்டயே திருப்பிக் குடுத்துடு” என்றார். என்னைப் பார்க்கவில்லை. வரிசையில் நின்ற யாருடைய கையையோ பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தக் கதவப் பிடி.”

பிடித்தேன்.