அண்ணனின் முறை

பாட்டின் நடுவே ஒரு பாடகி எதற்காக வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும்? முன்பு யாராவது என்னிடம் இதைக் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

எங்களுக்குப் பாடக் கற்றுக்கொடுத்த அந்தப் பாடகிக்குச் சிறு வயதிலிருந்தே கரகரத்த தொண்டை. அண்ணன் வைத்த பட்டப்பெயர் தவக்களை. அவன் ட்ரம்பெட் பழகும்போது, துணி மடித்துக்கொண்டே அவளும் கூட முனகுவாள்.

“ஏய் தவக்களை, மழை வரப்போகுதா?”

“நீ ஊதுறதுக்கு இடியே விழும், போ!”

ஆனால், தான் வாசித்த ஓட்டல் இசைக்குழுவுக்குப் பாடகி வேண்டும் என்றதும் அவளைக் கையோடு இழுத்துப்போனவன் அவன்தான். அந்தக் குரல் ஜாஸ் இசைக்கென்றே அமைந்தது போலிருந்தது. சீக்கிரமே அவள் சொந்தமாக மெட்டும் போட்டாள். பேருந்தில் மெட்டு வந்துவிட்டால் இறங்க வேண்டிய நிறுத்தத்தைக் கோட்டை விடுவாள்.

அவர்கள் குழுவில் ஒரு வழக்கம். பாடகி நிறுத்தியதும் வாத்தியக்காரரின் முறை. மனம் போனபடி வாசிப்பார். முடித்ததும் தலையசைப்பார். அதைப் பார்த்த பிறகே அவள் தொடர வேண்டும்.

ஒரு பெரிய அரங்கில், அவள் இயற்றிய பாட்டில் அண்ணனின் முறை வந்தது. அவன் ஊதிய ஊதலில் கூட்டம் சொக்கிப்போனது. இடையில் அவன் மூச்சு வாங்க நிறுத்தினான். உடனே கைத்தட்டல் பொங்கியது. அவள் பார்வை கூட்டத்தின் மேல் இருந்தது. அவன் முடித்துவிட்டான் என்று நினைத்துப் பாடத் தொடங்கிவிட்டாள். அவன் ட்ரம்பெட்டை மெல்லக் கீழே இறக்கினான்.

“நான் இன்னும் முடிக்கலை,” என்றான் மேடைக்குப் பின்னால்.

“எல்லாரும் கை தட்டினாங்களேண்ணே…”

“நீ என்னைப் பார்த்திருக்கணும்.”

சில நாளில் ஒரு கப்பல் இசைக்குழுவோடு கிளம்பிவிட்டான். வெவ்வேறு துறைமுகங்களிலிருந்து கடிதம் போட்டு அம்மாவை மட்டும் நலம் விசாரித்தான். அம்மா கண்ணை மூடிய பிறகு அதுவும் நின்றது.

அவள் தொடர்ந்து பாடினாள். அந்தப் பாட்டுக்கு மட்டும் வேறு ட்ரம்பெட்காரரைச் சேர்க்கவில்லை. அவன் முறை வந்ததும் பியானோவும் டிரம்ஸும் அடியில் மெதுவாக ஓடும். அவள் வலப்பக்கம் திரும்பி, அவன் வழக்கமாக நின்ற இடத்தையே பார்ப்பாள். “பாடகிக்கு வரி மறந்துபோச்சு” என்று கேலி செய்தவர்கள் உண்டு. மேடைகள் குறைந்தன. சலவைக் கடையின் மாடியில், இஸ்திரி ஆவி ஏறிவரும் அறையில், வேலை முடிந்து வரும் குமாஸ்தாக்களுக்கும் நர்ஸுகளுக்கும் பாடக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினாள்.

அங்கே புதிதாக வந்த டிரம்ஸ்காரர், அவள் அந்தப் பாட்டின் நடுவே திடீரென்று நிறுத்தியதும் பதறி, அடுத்த வரியை எடுத்துக்கொடுத்தார்.

“மறக்கலைங்க. எங்கண்ணனுக்கு இடம் போட்டு வச்சிருக்கேன்.”

“துண்டு போட்டு வச்ச மாதிரியா? அவர் எப்பங்க வருவார்?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அப்புறம், “தெரியலையே. நீங்க நிறுத்தாம வாசிங்க,” என்றாள். அவர் வாசித்தார். கண்ணை மட்டும் அவள் வலப்பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. இந்தக் கதையை அவள் எங்களுக்குச் சொன்னது அன்றுதான்.

இதைப் படிப்பவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள். கப்பலிலோ துறைமுகத்திலோ ட்ரம்பெட் ஊதும் பெரியவர் யாரையாவது பார்த்தால், தவக்களை என்று ஒரு தங்கை உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அவர் இடம் காலியாகவே இருக்கிறது என்று சொல்லுங்கள். இந்த முறை அவர் தலையசைக்கும்வரை அவள் வாய் திறக்கமாட்டாள்.