அத்தான் முழங்காலுக்கு அக்கா செய்த மோட்டார்

ஏணியிலிருந்து விழுந்ததில் அத்தானுக்கு வலது முழங்கால் கெட்டுப்போனது. சொந்த வேனில் மருந்துப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஊர் ஊராகப் போவதுதான் அவர் பிழைப்பு. ஆக்ஸிலேட்டரை ஒரே மாதிரி அழுத்தி அழுத்தி முட்டி இறுகிவிடும். சாயங்காலம் கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கி, நடக்க முடியாமல் அப்படியே கொஞ்ச நேரம் நிற்பார். வண்டியை விற்றுவிடச் சொன்னார் டாக்டர்.

"வண்டிய வித்துட்டு? வீட்ல உக்காந்து உங்க அக்கா வாயப் பாத்துக்கிட்டு இருக்கவா?" என்று என்னிடம் கேட்டார்.

அக்காவுக்கு வாஷிங் மெஷின் பழுது பார்க்கும் கடையில் வேலை. நாள் முழுக்க மோட்டார்களோடுதான் மல்லுக்கட்டு. ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே, "ஒரே மாதிரி அழுத்திக்கிட்டு இருக்கணும், அவ்வளவுதானே? அத ஒரு மோட்டார் செய்யாதா?" என்றாள். அத்தான் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பாத்திரம் கழுவிக்கொண்டே எனக்கு விளக்கினாள். "கியர் பாக்ஸ்ல ஒரு சென்சார் இருக்குடி. சக்கரம் சுத்தச் சுத்த நாடி மாதிரி துடிப்பு அனுப்பும். ஸ்பீடோமீட்டர் முள்ளு அத வச்சுதான் ஏறி இறங்குது. நானும் அந்தத் துடிப்பக் கொஞ்சம் ஒட்டுக் கேக்கப் போறேன்."

துடிப்பு குறைந்தால் மோட்டார் ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுக்கும், கூடினால் தளர்த்தும். பிரேக் விளக்குக்குப் போகும் ஒயரிலிருந்தும் ஒன்று எடுத்திருந்தாள். பிரேக்கில் கால் பட்டதும் மோட்டார் கேபிளை விட்டுவிட வேண்டும். அதுவும் போதாதென்று, எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்த ஒரு சிவப்பு சுவிட்ச். வாசலில் ஜாக்கி வைத்து வேனைத் தூக்கி, சக்கரத்தை அந்தரத்தில் சுழலவிட்டு, பிரேக்கை மட்டும் வாரக்கணக்கில் சோதித்தாள். அக்கம்பக்கத்தில் இவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே பேசிக்கொண்டார்கள்.

முதல் ஓட்டம், தொழிற்சாலைக்குப் பின்னால் ஆள் நடமாட்டமில்லாத சாலையில். நான் பின்சீட்டில். மோட்டார் வெடுக்கென்று இழுத்தது, வேகம் கூடியது, சட்டென்று விட்டது, மறுபடி இழுத்தது. வேன் ஒட்டகம் போல ஆடிக்கொண்டே போனது.

"நிறுத்துங்க அத்தான், குடல் வாய்க்கு வருது!"

"நானா ஓட்டுறேன்? உங்க அக்காவக் கேளு!"

அத்தான் பிரேக்கைத் தொட்டதும் எல்லாம் அடங்கியது. அக்கா முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "பாத்தீங்களா, விட்டுடுச்சு! அது அவசரப்படுது, அவ்வளவுதான். பொறுமை சொல்லிக் குடுக்கணும்."

அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும், கடைக்கு விடுமுறை என்பதால், அத்தானோடு அவளும் கிளம்பினாள். மடியில் ஒரு பெட்டி, கையில் ஸ்க்ரூ டிரைவர். மழை முடிந்த ஒரு சனிக்கிழமை, நீண்ட ஏற்றம் ஒன்றில் எஞ்சின் தானாக உறுமிக்கொண்டு ஏற, முள் அசையாமல் நின்றதாம். அத்தான் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து, கீழே கிடந்த மிதியடிமேல் நீட்டி வைத்துவிட்டு, யாருடைய காலையோ பார்ப்பது போல அதைப் பார்த்தாராம். அன்று மாலை வண்டியைவிட்டு இறங்கியதும் நிற்காமல் நேரே வீட்டுக்குள் நடந்து வந்தார். அதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆனாலும் சனிக்கிழமைப் பயணம் நிற்கவில்லை. "இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும்" என்று அக்கா வருஷக்கணக்கில் போய்க்கொண்டிருந்தாள். வேனை விற்கும்போது மோட்டாரைக் கழற்றி எடுத்துவிட்டாள். தெரியாதவர் கைக்கு அது போகக் கூடாது என்றாள். டாஷ்போர்டுக்குக் கீழே ஓட்டைகள் எப்படி வந்தன என்று வாங்கியவர் கேட்டதற்கு அத்தான், "எலிங்க" என்றார்.

அத்தான் இப்போது இல்லை. போன மாதம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அக்காவைக் கேட்டேன்.

"கடைசி வரைக்கும் அதுல என்னக்கா கோளாறு இருந்துச்சு?"

"ஒரு கோளாறும் இல்ல."

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியாமலா, வெள்ளிக்கிழமை ஆனா 'இன்னைக்குக் கொஞ்சம் இழுத்துச்சும்மா, நாளைக்கு வந்து பாரு'ன்னு அவரே ஆரம்பிப்பாரு?"

மடித்த சட்டையை உதறி, மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.