எனக்கு முன்னால் பஸ் ஏறிய என் குரல்

இன்று காலை கீழப்பாவூரிலிருந்து தென்காசி போகும் பஸ்ஸில், முன் சீட்டுப் பெண்ணின் போனிலிருந்து என் குரல் கேட்டது.

"ஃப்ளூ ஊசி போட்டேன், மறுநாளே காய்ச்சல்ல படுத்துட்டேன். யாரும் போட்டுராதீங்க."

போன வருடம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நான் பேசி அனுப்பியது.

அந்தப் பெண் பக்கத்திலிருந்த தன் அப்பாவிடம் சொன்னாள்: "கேட்டீங்களாப்பா? பட்டவங்க சொல்லுதாங்க. இன்னைக்கு டாக்டர் ஊசின்னா வேண்டாம்னு சொல்லிருங்க."

அவருக்கு மூச்சு இழுத்தது. கையில் இன்ஹேலர்.

எழுந்து அவர்களிடம் போனேன்.

"அது நான்தாங்க. ஊசிக்கு முந்துன நாளே குற்றாலத்துல குளிச்சப்போ தொண்டை வலி வந்துட்டு. அருவித் தண்ணியாலன்னு நெனச்சு அதைச் சொல்லாம விட்டுட்டேன். ஊசியே போடாத என் நாத்தனாருக்கும் அதே காய்ச்சல் வந்துச்சு."

"அந்தக் குரல் வேற மாதிரில்லா இருக்கு" என்றாள் அவள்.

பெரியவர் என்னையே பார்த்தார். "அப்பம் எதைம்மா நம்ப? போன்ல பேசுனதையா, இப்பம் பேசுததையா?"

"டாக்டர்ட்டயே கேளுங்கய்யா" என்றேன். அதற்கு மேல் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

தென்காசியில் இறங்கினார்கள். அவர் ஊசி போட்டுக்கொண்டாரா என்று எனக்குத் தெரியப்போவதில்லை.

நடந்ததைப் பேசி அதே குழுவில் போட்டேன். இதுவரை நாலு கும்பிடு வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

அந்தப் பழைய பதிவு உங்களுக்கும் வந்திருந்தால், அனுப்பியது யாரென்று சொல்லுங்கள். இந்தப் புதுப் பதிவையும் அவர்களிடமே கொடுக்க வேண்டும். வேகமாகக் கொண்டுசேர்ப்பவர்கள்.