கூட வருபவருக்கு ஒரு கட்டம்

செய்தி வந்தபோது காலை ஏழு மணி. அந்த நேரத்தில் அண்ணன் ஆஸ்பத்திரி பெஞ்சில்தான் இருப்பான். அன்றும் அங்கேதான் இருந்திருக்கிறான். தூங்குகிறான் என்றே பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்களாம்; உயிர் போனது யாருக்கும் தெரியவில்லையாம். மடியில் யாரோ ஒருவருடைய பை இருந்ததாம்.

அவன் நோயாளியும் இல்லை, டாக்டரும் இல்லை. டோக்கன் வரிசையை எடுத்துவிட்டுச் செல்போனிலேயே நேரம் பதிவு செய்ய வைக்க வந்த கணினிக்காரன். மாடியில் அவனுக்கு ஏசி அறையும் சுழல் நாற்காலியும் கொடுத்திருந்தார்கள். நாற்காலியில் பெரும்பாலும் அவன் குடைதான் உட்கார்ந்திருக்கும். அவன் கீழே காத்திருப்பவர்களோடு உட்கார்ந்து, கழிப்பறைக்குப் போகிறவர்களின் பைகளுக்குக் காவல் இருப்பான். நர்சுகள் வைத்த பெயர், பெஞ்சு சார்.

செல்போனில் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வரவில்லை. "ஜனங்களுக்கு போன் பழகல," என்றார் மேலாளர். மாதக் கடைசிக்குள் கூட்டம் வராவிட்டால் ஏற்பாட்டையே மூட்டை கட்டிவிடப் போவதாகவும் சொல்லிவிட்டார்.

"அதெல்லாம் நல்லாவே பழகியிருக்கு," என்றான் அண்ணன், என் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே. "ஒரு பெரியவருக்கு நம்ம மெஷின் எட்டு மணி குடுக்குது. கூட்டிட்டு வர்ற மருமகளுக்கு வேலை முடியவே மத்தியானம் ஆயிடும். அவ இல்லாம அவர் என்ன பறந்தா வருவாரு?"

"அதுக்கு நீ என்ன பண்ணப் போறே?"

"கூட வர்றது யாரு, அவங்களுக்கு எப்போ தோதுப்படும்னு கேக்கணும். சேவையைப் பத்தி நான் படிக்கற அந்தத் தடிப் புத்தகம் முழுக்க இதைத்தான் சொல்லுது. நாம செஞ்சு கையில நீட்டறது சேவை இல்ல. வாங்கறவங்களும் சேர்ந்து செஞ்சாத்தான் அது நடக்கும். மருந்து எழுதறது டாக்டர். வேளாவேளைக்குக் குடுக்கறது மருமக."

"அந்தப் புத்தகத்தைத் தலைக்கு வெச்சுத்தானே தூங்கறே?"

"படிச்சு முடிச்சுட்டுத்தான்டி தூங்கறேன்."

இவ்வளவு பேசுகிறவன், தன் நெஞ்சுவலியைக் காட்ட டாக்டரிடம் தனியாகத்தான் போவான். நானும் வருகிறேன் என்றால், "நான் என்ன பச்சைக் குழந்தையா?" என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான்.

திங்கட்கிழமை சாயங்காலம் மாடி அறையிலிருந்து கூப்பிட்டான். குரலில் அப்படி ஒரு குஷி.

"பதிவுப் பக்கத்துல புதுக் கட்டம் வந்துடுச்சு. 'கூட வருபவர்'னு போட்டிருக்கேன். சோதனைக்கு என்னையே நோயாளி ஆக்கிட்டேன். கூட வருபவர் நீ. உனக்கு எப்போ தோதுன்னு கேக்குது, சொல்லு."

"எனக்கு எப்பவும் தோதுதான் அண்ணா. நெஜமாவே கூப்பிடேன்."

விசைகளைத் தட்டும் சத்தம் கேட்டது.

"வியாழக்கிழமைன்னு போடறேன். வந்துடு," என்றான்.

செய்தி வந்தது மறுநாள், செவ்வாய்க்கிழமை.

வியாழனன்று அவன் குடையை எடுத்துவர ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவனோடு வேலை பார்த்த பெண், மேலாளர் அந்த ஏற்பாட்டுக்கு இன்னும் ஒரு மாதம் தந்திருப்பதாகச் சொன்னாள். மேசைமேல் அவன் கணினியை யாரும் அணைக்கவில்லை. திரையில் அவன் பெயர், அதற்குக் கீழே என் பெயர், வியாழக்கிழமை. கடைசியில் 'பதிவு செய்' என்று ஒரு பச்சைப் பொத்தான்.

அழுத்தினேன். திரை அப்படியே இருந்தது.

"அந்தப் பொத்தானை அவர் இன்னும் இணைக்கலைங்க," என்றாள்.