சப்பரச் சக்கரத்தின் பூர்வீகம்

எங்கள் தெருவில் ஒரு பொருளின் வயதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் திருஞானசம்பந்தத்திடம் போவார்கள். தெரிந்துகொண்ட பிறகு அவரோடு பேச மாட்டார்கள்.

கோயில் மணியில்தான் அது தொடங்கியது. தெருக்கோடி முருகன் கோயில் மணி பல்லவர் காலத்தது என்று திருவிழா நோட்டீசில் வருடா வருடம் அச்சாகிக்கொண்டிருந்தது. சம்பந்தம் ஒருநாள் ஏணி போட்டு ஏறி, உள்விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். "கும்பகோணத்து வார்ப்புபா. நம்ம அப்பா காலத்துது. ஆனா நல்ல வார்ப்பு" என்றார். கடைசி மூன்று சொற்களை யாரும் காதில் வாங்கவில்லை. அன்றிலிருந்து கோயிலில் பரிவட்டம் கட்டும் வரிசை அவர் வீட்டுக்கு முந்தின வீட்டோடு நின்று, அடுத்த வீட்டில் மறுபடி தொடங்கும்.

நெசவுக் குடும்பத்துப் பிள்ளை. தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார மாட்டேன் என்று விமானப்படைக்கு ஓடியவர். "என் மவன் பிளேன் ஓட்டறான்" என்று அவர் அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்தார். மகன் ஓட்டவில்லை. புதிதாகச் சேர்ந்த பையன்கள் பறக்கக் கற்றுக்கொள்ளும் பயிற்சி விமானங்களை, அவர்கள் கற்றுக்கொண்டு முடித்த மாலைகளில் பழுதுபார்த்தார். அவர் ஓய்வு பெற்றார். அந்த விமானங்களும் ஓய்வு பெற்று, உடைபட்டு, ஏலத்தில் போயின.

இப்போது பெங்களூரிலும் புனேயிலும் கடலுக்கு அப்பாலும் சிலர் அவற்றைப் பழையபடி பொருத்திப் பறக்கவிட ஆசைப்படுகிறார்கள். அவர்களுக்கு ஒரு கடிகாரமோ கைப்பிடியோ அகப்பட்டால் அது எந்த விமானத்தில் இருந்தது, எத்தனை காலம் பறந்தது, எங்கே அடிபட்டது என்று தெரிந்தாக வேண்டும். சம்பந்தத்துக்கு வாட்ஸப்பில் படம் வரும். உலோகத்தில் குத்திய முத்திரைகளைப் பெரிதாக்கிப் பார்ப்பார். பெயின்ட்டை ஓரத்தில் லேசாகச் சுரண்டி அடுக்கடுக்காகப் படம் அனுப்பச் சொல்வார். பழைய சகாக்களுக்குப் போன் போடுவார்.

கேட்கிறவர்கள் எல்லாரும் ஒரு வீர வரலாற்றுக்குக் காத்திருப்பார்கள். அவருடைய பதில் இப்படி வரும்: "இந்தக் கடிகாரம் பறந்ததில்லை. வகுப்பறைச் சுவரில் மாட்டியிருந்தது. நேரம் தப்பாகக் காட்டியதால் கழற்றப்பட்டது." புனேக்காரர் ஒருவர் இதைப் படித்துவிட்டு நம்பரையே பிளாக் செய்தார்.

அவர் மனைவி தில்லையம்மாளுக்குப் புனேக்காரர்களைப் பற்றிக் கவலையில்லை. அவள் கவலை பரிவட்டம். அது போனதிலிருந்து திருவிழாவில் சம்பந்தம் நிற்பது ஓரமாக, ஜெனரேட்டர் பக்கத்தில். ஆடிக் கிருத்திகைக்கு ஓரிக்கையிலிருந்து அவள் அண்ணன் குடும்பத்தோடு வருவார். "மாப்ள எங்கமா? ஜெனரேட்டர் பக்கத்துலதான?" என்று தெருமுனையிலேயே கேட்பார். கேட்டுவிட்டு, கேட்காதவர் மாதிரி பொங்கலை வாங்கிச் சாப்பிடுவார்.

இந்த ஆடியில் கோயில் தர்மகர்த்தா கலியாணசுந்தரம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்.

"சம்பந்தம், நம்ம சப்பரத்துச் சக்கரம் தெரியும் இல்ல?"

"தெரியும்ணா. பிளேன் சக்கரம்."

"போர் விமானச் சக்கரம்" என்று திருத்தினார் கலியாணசுந்தரம். அவருடைய அப்பா பழைய இரும்புக் கடையிலிருந்து கொண்டுவந்து சாமிக்குக் கொடுத்தவை. பாகிஸ்தான் சண்டையில் குண்டு போட்ட விமானத்தின் சக்கரங்கள் என்று அந்தப் பெரியவர் சொல்லியிருந்தார். டயரில் காற்று நிற்காமல் போனபோது உள்ளே தேங்காய் நாரைத் திணித்துத் தைத்தார்கள். மற்ற தெருச் சாமிகள் கடகடவென்று வர, எங்கள் முருகன் சத்தமே இல்லாமல் வந்து நிற்பார்.

"சப்பரக் கொட்டாய் வாசல்ல கல்லு பதிக்கிறோம்பா. பளிங்குக் கல்லு. போர் விமானச் சக்கரம்னு போட்டு, கீழ உன் பேரு, விமானப்படை ஓய்வுன்னு. ஒரு வரி எழுதிக் குடு. இந்த வாட்டி மொதல் பரிவட்டம் உனக்குத்தான்."

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது.

"பாக்காம எப்படிணா எழுதறது?"

"பாரேன். யாரு வாணாம்னாங்க?"

பார்ப்பது சுலபமாக இல்லை. சக்கரக் குடத்தின்மேல் வருடக்கணக்கில் பூசிய சந்தனமும் குங்குமமும் ஓடு மாதிரி காய்ந்து கிடந்தன. சம்பந்தம் திருப்புளியை எடுத்ததும் குருக்கள் கையைப் பிடித்துக்கொண்டார். சாத்தியதைச் சுரண்டக் கூடாது. ஆனால் அபிஷேகம் செய்தால் தானாகவே கரைந்துவிடும், அதில் தோஷமில்லை என்று அவரே வழியும் சொன்னார். ஆகவே ஓர் உதிரிபாக எண்ணைப் படிப்பதற்காகப் பாலும் மஞ்சள் நீரும் இளநீரும் ஊற்றப்பட்டன. கும்பகோணத்து மணி அடித்தது. சம்பந்தம் டார்ச்சோடு ஈரத்தரையில் படுத்துக்கொண்டார். சந்தனம் வழிந்தோடியது. குத்திய எழுத்துகளின் பள்ளத்தில் மட்டும் குங்குமம் தங்கி, எண்கள் சிவப்புச் சிவப்பாக எழுந்து நின்றன. பணியில் இருந்த காலத்தில்கூட இவ்வளவு தெளிவான எண்ணைப் பார்த்ததில்லை அவர்.

தீபாராதனை முடியக் காத்திருந்து படம் எடுத்து, பெங்களூரில் குடியேறிவிட்ட பழைய சகா டேனியலுக்கு அனுப்பினார். வீட்டுக்குள் நுழையும்போதே போன் அடித்தது.

"டேய் சம்பந்தம், இத எங்கடா புடிச்ச? நம்ம மஞ்ச டிரெய்னிங் பிளேன்டா! அந்த முத்திர நம்ம ஷெட்டு ஆளு குத்துனது. ரெண்டு எடத்துல அரம் போட்டு ராவியிருக்குது பாரு. பசங்க தொப்பு தொப்புனு எறக்குவானுங்களே, அதுதான்!"

"போருக்குப் போச்சா?"

"போருக்கா? ரன்வேய சுத்தி வந்ததுக்கே நாக்கு தள்ளிச்சு அதுக்கு."

பக்கத்தில் நின்ற தில்லையம்மாள் போன் வைக்கப்படும்வரை பொறுத்தாள். "சண்ட நடந்துக்கினு இருந்தப்ப இந்த பிளேன் இருந்துச்சு இல்ல?"

"இருந்துச்சு. பசங்களுக்குச் சொல்லிக் குடுத்துக்கினு."

"அப்போ, போர்க்காலத்து விமானம்னு எழுதுங்க. பொய்யா அது?"

பொய் இல்லை. அதுதான் தொல்லை. ஒரு தாளில் எழுதிப் பார்த்தார். பார்க்க நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு சொல்லும் உண்மை, வரி மட்டும் பொய். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அடித்துப்போட்டார்.

"கிருத்திகைக்கு ஜெனரேட்டர்கிட்ட நாற்காலி போடச் சொல்லட்டுமா," என்றாள் தில்லையம்மாள், "இல்ல நின்னுக்கினே பாக்கறீங்களா?"

மறுநாள் மாலை கோயிலில் கூடியவர்கள் முன்னால் சம்பந்தம் வாசித்தார்: "இவை பயிற்சி விமானத்தின் சக்கரங்கள். போருக்குச் சென்றதில்லை. பறக்கத் தெரியாதவர்கள் இவற்றின்மீது இறங்கக் கற்றுக்கொண்டார்கள். இருமுறை அடிபட்டுச் சரிசெய்யப்பட்டவை."

கல் செதுக்குகிறவர் கைபேசியைப் பார்க்க ஆரம்பித்தார்.

"எங்கப்பா பொய் சொன்னார்ன்றியா?" என்றார் கலியாணசுந்தரம்.

"அவருக்கு இரும்புக் கடைக்காரன் சொன்னதுணா அது."

"மணியில ஒரு வாட்டி. இப்ப சக்கரத்துல. இந்தக் கோயிலு உன்ன இன்னாபா பண்ணிச்சு?"

தூணோரம் பூ கட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணவேணி தலை நிமிராமல் கேட்டாள். "பயிற்சின்னா பாடம் சொல்லிக் குடுக்கறதா?"

"ஆமாமா."

"அப்போ வாத்தியார் பிளேனு. முருகருக்கு அதுதான பொருத்தம்? இதோ, நம்ம குமரகோட்டம் கோயில்ல பிரம்மாவையே பாடம் கேட்டு, தெரியலன்னதும் ஜெயில்ல போட்டவரு. பெத்த அப்பனுக்கே சொல்லிக் குடுத்தவரு. அவருக்குக் குண்டு போடற வண்டி எதுக்கு?"

பூ கட்டும் விரல் நிற்கவே இல்லை. கலியாணசுந்தரத்தின் முகத்தில் இறுக்கம் மெல்ல விட்டது. "எங்கப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றார். "வெளிய சொல்லல, அவ்ளோதான்."

சம்பந்தம் வாசித்தது கல்லில் அப்படியே செதுக்கப்பட்டது. நோட்டீசிலும் வந்தது, 'வாத்தியார் பிளேன் சக்கரம்' என்ற தலைப்போடு. கிருத்திகைக்கு முன்பே, அடுத்த வருடம் நீட் எழுதப்போகும் பிள்ளைகளை அம்மாக்கள் கூட்டிவந்து, தேங்காய் நார் பிதுங்கிய டயரைத் தொட்டுக் கும்பிட வைத்தார்கள்.

"அண்ணா, நான் இப்படி எழுதலயே" என்றார் சம்பந்தம்.

"நீ எழுதினதுல ஒரு எழுத்து மாத்தலபா. அதுக்கு அர்த்தம் சொல்றது எங்க வேல."

கிருத்திகையன்று முதல் பரிவட்டம் அவருக்கே. குருக்கள் அவசரத்தில் தளர்வாகச் சுற்றிவிட்டார். முன்வரிசையில் கல்யாணப் பட்டோடு தில்லையம்மாள். பக்கத்தில் ஓரிக்கை அண்ணன், பொங்கலை மறந்து, கைபேசியை உயர்த்திப் படம் பிடித்தபடி. மைக்கில் கலியாணசுந்தரம் உருகிக்கொண்டிருந்தார்: "இந்தச் சக்கரத்தில் இறங்கிய ஒரு பிள்ளைகூடத் தோற்றதில்லை! சான்று சொல்ல இதோ, நம் விமானப்படை சம்பந்தம்!"

தோற்றுப்போய் டிரங்குப் பெட்டியோடு ரயிலேறிய பையன்களின் முகங்கள் சம்பந்தத்துக்கு நினைவிருந்தன. மறுப்பதற்காக வலது கையை உயர்த்தினார். பரிவட்டம் சரிந்து கண்ணை மறைத்தது. அதைப் பிடிக்க இடது கையும் மேலே போனது.

தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அவர் இரு கைகளையும் தலைக்குமேல் குவித்துக் கும்பிடுவது போலிருந்தது. தெரு முழுக்க ஒரே குரலாக "அரோகரா!" என்றது. சப்பரம் சத்தமில்லாமல் நகர்ந்தது.