நேரங்கெட்ட சங்கு

போன வாரம் செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கிரில் பட்டறையைத் தாண்டி நடந்தேன். இரும்பு அறுக்கிற நெடி மூக்கில் ஏறியது. போக வேண்டியது ரேஷன் கடைக்கு; மனசு போனதோ, கல்யாணமான புதிதில் நாங்கள் குடியிருந்த இரும்பு மில் ஊருக்கு.

அதை ஊர் என்று சொல்லலாமா, தெரியவில்லை. முன்பு வெறும் கடலைக்காடாம், கூட்ஸ் வண்டி நிற்கிற ஒரு ஸ்டேஷனாம். பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுக்கிற மில் வந்த பிறகுதான் லைன் வீடுகள், டீக்கடை, மாரியம்மன் கோயில், எங்களுக்கென்று ஓடு போட்ட ஒரு சின்ன ஜெபக்கூடம், கடைசியாக ஒரு சினிமாக் கொட்டகை எல்லாம் வந்தன. பஸ் போர்டில்கூட ‘மில்’ என்றுதான் எழுதியிருக்கும். காலையில் வெள்ளை வேட்டியைக் கொடியில் போட்டால் சாயங்காலம் காவி வேட்டியாக எடுக்கலாம். சொட்டு நீலம் விற்கிறவன் எங்கள் லைன் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

அடுத்த வீட்டுப் பாக்கியம் அக்கா தொண்டூர்க்காரி. முதல் நாளே, “இன்னாடி, செஞ்சிப் பக்கமா நீ? அப்ப நம்ம ஆளு” என்று ஒரு கிண்ணம் குழம்போடு வந்துவிட்டாள். அவளும் நானும் கிண்ணத்தை வெறுமனே திருப்பிக் கொடுத்தது கிடையாது.

மில் சங்கு ஒரு நாளைக்கு மூன்று தடவை ஊதும், ஷிப்டு மாறுகிற நேரத்தில். வேறு நேரத்தில் ஊதினால் உள்ளே விபத்து என்று அர்த்தம். லைன் பெண்கள் அடுப்பை அப்படியே போட்டுவிட்டுக் கேட்டுக்கு ஓடுவோம். அங்கே ஒரு பலகை இருக்கும். வேலைக்குப் போகிறவர் தன் நம்பர் அடித்த தகர டோக்கனை அதில் மாட்டிவிட்டு உள்ளே போக வேண்டும், வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். டோக்கன் தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிறார்.

ஒரு சனிக்கிழமை, பதினோரு மணி இருக்கும். மீன் கழுவிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது. செதில் ஒட்டிய கையோடு ஓடினேன். பலகையில் எங்கள் வீட்டுக்காரர் டோக்கன் தொங்கியது. பக்கத்திலேயே அக்கா வீட்டுக்காரருடையதும்.

“உருக்குன இரும்பு சிதறிடுச்சாம்!” என்று யாரோ கத்தினார்கள். கேட்டைத் திறக்கவில்லை. நான் மண்ணிலேயே முழங்கால் போட்டேன். “மாதாவே, அவர முழுசா குடுத்துடு. வேளாங்கண்ணிக்கு கூட்டினு வந்து மொட்ட போட்றேன்!” மொட்டை அவருக்கு, வேண்டுதல் எனக்கு, அதெல்லாம் அப்போது யோசிக்கத் தோன்றவில்லை. பாக்கியம் அக்கா அழுதுகொண்டே மலையனூர் அம்மனுக்குப் புடவை நேர்ந்தாள். “ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்டி வேண்டிக்கினேன், பயப்படாத” என்று என் தோளைப் பிடித்தாள்.

அப்போது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். “இன்னா கூட்டம்? யாருக்கு இன்னா ஆச்சி?”

திரும்பினேன். எங்கள் வீட்டுக்காரர்! ஒரு கன்னத்தில் சோப்பு நுரை, இன்னொரு கன்னம் மழமழவென்று, கழுத்தில் சலூன் துண்டு. டோக்கனை எடுத்தால் சூப்பர்வைசருக்குத் தெரிந்துவிடும் என்று, ஸ்டேஷன் பக்கத்து இடிந்த சுவர் வழியாக நழுவிச் சவரத்துக்குப் போயிருக்கிறார்.

“நீதானே சொன்ன, நாளைக்கு பூசைக்கு தாடியோட வராதன்னு?”

மீன் கையாலேயே முதுகில் ஒன்று வைத்தேன். பிறகுதான் அழுகை வந்தது. கொஞ்ச நேரத்தில் அக்கா வீட்டுக்காரரும் பாதத்தில் சூட்டுக் காயத்தோடு நொண்டியபடி வெளியே வந்தார். அன்று ஒரு உயிரும் போகவில்லை. அவரைக் கண்ட பிறகுதான் அக்காவுக்கு வாய் திரும்பியது: “பாதி மொட்ட இங்கியே ஆயிடுச்சி. மீதிய வேளாங்கண்ணில முடிச்சிக்கோ!”

ஆனால் அதற்கப்புறம் தினமும் அவர் திரும்பி வருகிறவரை எனக்குச் சோறு இறங்காது. சில வருஷத்தில் நஷ்டம் என்று மில்லையே மூடினார்கள். கேட்டு முன்னால் ஆம்பிளைகள் தேம்பி அழுதார்கள். நான் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

“சிரிக்காதடி, பாக்கறாங்க,” என்று அக்கா இடித்தாள்.

“நீ மட்டும்?” என்றேன்.

செஞ்சிக்குத் திரும்பிப் பிழைக்கப் பட்ட பாடு கொஞ்சமில்லை. அது வேறு கதை. இப்போது அங்கே லைன் வீடுகள் இருந்த இடமெல்லாம் முள்காடாம். உலையையும் சங்குக் கம்பத்தையும் வெட்டி லாரியில் ஏற்றிவிட்டார்களாம். இந்தச் சேதி வந்த அன்று எங்கள் வீட்டுக்காரர் சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நான் அடுப்படிக்குப் போய், அவர் காதில் விழாமல் ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன்.